ஆலையின் கழிவு உவர்நீரை ஆனையிறவு உப்பளத்துக்குக் கொடுக்கலாமா?

முல்லைத்தீவுப் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வரும் உப்புக் கழிவுத்தண்ணியைத் திரும்பக் கடலுக்கே விடுகிறார்கள். கிட்டவே ஆனையிறவு உப்பளம் இருக்கிறது. அங்கே கொடுத்தால் உப்பும் விளையும், கடலும் கெடாது. ஏன் செய்வதில்லை? அந்தத் தண்ணியிலிருந்து ஆலைக்குத் தேவையான இரசாயனங்களையே எடுக்கலாம் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்ததாக வாசித்தேன். அது உண்மையா? எங்கள் ஊர் ஆர்.ஓ. நிலையத்துக் கழிவுத்தண்ணிக்கும் அது சரிவருமா?"

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. உப்பளத்துக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், முழுவதையும் கொடுக்க முடியாது. இரசாயனம் எடுக்கலாம் என்பது உண்மை, ஆனால் அதனால் கடலுக்குப் போகும் தண்ணி குறையப்போவதில்லை. ஊர் ஆர்.ஓ. நிலையம் கிணற்றுத் தண்ணியைச் சவ்வால் வடிக்கும் சிறிய சுத்திகரிப்பு நிலையம். அதற்கு இரண்டுமே சரிவராது, அது வேறு தண்ணி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நான் வாழ்நாளில் பாதியைத் தண்ணி ஆய்வுகூடத்தில் கழித்தவன், கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது.

நீங்கள் மனதில் வைத்திருப்பது தாழையடி ஆலையாகத்தான் இருக்கும். 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் அளவுக்குக் கட்டியது. அது யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தாலும் அதன் கதை தொடங்கியது கிளிநொச்சியில், எங்கள் இரணைமடுக் குளத்தில்தான். இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் முதல் திட்டம் இருந்தது. சிறுபோகத்துக்கே தண்ணி காணாத வருடங்களைப் பார்த்த கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இழுபறி முடிந்த இடம்தான் கடல்நீர் ஆலை. ஆகவே அந்தக் கழிவுத்தண்ணியைப் பற்றிக் கேட்க வன்னியிலுள்ளவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

சரி, கணக்கு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கும். இந்த மாதிரி ஆலைகள் எடுக்கும் கடல்நீரில் 40 வீதத்தைக் குடிநீராக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். சில ஆலைகள் இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும், கணக்குக்கு இது போதும். 24,000 கனமீற்றர் குடிநீருக்கு 60,000 கனமீற்றர் கடல்நீர் வேண்டும். மிச்சம் 36,000 கனமீற்றர் கழிவு உவர்நீர். உப்பு முழுவதும் அதற்குள் ஒதுங்கிவிடுவதால் லீற்றருக்கு 58 கிராம் ஆகிவிடும். ஒரு நாளில் அதில் இருக்கும் உப்புகள் 2,100 தொன். அதில் நாங்கள் கறிக்குப் போடும் உப்பு மட்டும் 1,600 தொன்னுக்கு மேல்.

ஒரு வருடத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 6 இலட்சம் தொன். முழு இலங்கையின் வருடாந்த உப்புத் தேவை 2 இலட்சம் தொன்னுக்கு உள்ளேதான். அதாவது இந்த ஒரு ஆலையின் கழிவுக்குள்ளேயே நாட்டுக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு உப்பு கிடக்கிறது. 2025இல் மழை விளைச்சலைக் கெடுத்ததால் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிய நாடு இது. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

ஆனால் உப்பு தண்ணிக்குள் இருப்பது வேறு, பாத்தியில் விளைவது வேறு.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் 10 லீற்றர் கடல்நீர் அள்ளி வாருங்கள். அதைக் கொதிக்கவைத்து 6 லீற்றராக வற்றவையுங்கள். கழிவு உவர்நீர் உப்பில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இன்னொரு 10 லீற்றரை வற்றவைக்காமல் அப்படியே வையுங்கள். இரண்டையும் அகலமான தட்டுகளில் ஊற்றி முற்றத்தில் வெயிலில் விடுங்கள். முதலில் தட்டின் அடியில் ஒரு வெள்ளைப் படிவு வரும், விரலால் தேய்த்தால் நறநறக்கும். அதை உப்பு என்று நினைத்து நாக்கில் வைத்தால் சப்பென்று இருக்கும். அது சுண்ணாம்பும் ஜிப்சமும். 10 லீற்றர் கடல்நீர் 1 லீற்றராகக் குறையும்போதுதான் உண்மையான உப்பு தலைகாட்டும். அதுவும் அடியில் இல்லை, மேலே. சின்னச் சின்னச் சதுரங்களாக மிதக்கும், காற்று அடித்தால் ஒரு பக்கம் ஒதுங்கும், கொஞ்சம் வளர்ந்ததும் கனம் தாங்காமல் அமிழ்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு எனக்குப் பிந்தியது.

கடைசியில் தட்டில் பாகு மாதிரி ஒரு தண்ணி மிஞ்சும். அது எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் முழுக்கக் காயாது. வாயில் வைக்க முடியாத கசப்பு. அதுதான் மக்னீசியம். அதை வடிக்காமல் சேர்த்து வாரிய உப்புத்தான் மாரியில் போத்தலுக்குள் கண்ணீர் விடும்.

இதில் கவனிக்க வேண்டியது இது. அதே அளவு உப்பு எடுக்கக் கடல்நீரில் 9 லீற்றர் ஆவியாக வேண்டும், கழிவு உவர்நீரில் 5 லீற்றர் போதும். தண்ணியின் உப்புச் செறிவை அறிய உப்பளக்காரர் பார்க்கும் போமே மானியில் கடல்நீர் மூன்றரைப் பாகை காட்டும், கழிவு உவர்நீர் 6ஐ எட்டும். உப்பு விளையத் தொடங்குவது 25ஐத் தாண்டித்தான். ஆகவே உங்கள் யோசனையில் நியாயம் இருக்கிறது. ஒரு தொன் உப்புக்கு வேண்டிய வெயிலும் நிலமும் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைகிறது.

அப்படியானால் 36,000 கனமீற்றரையும் காயவைக்க எவ்வளவு இடம் வேண்டும்? நல்ல வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்த நாளில் 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று பிடித்தால், 7 சதுர கிலோமீற்றருக்கு மேல். ஏக்கரில் 1,800 வரும். அது கோடையில். உப்பு கூடக்கூட ஆவியாதல் மந்தமாகும் என்பதையும், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் என்பதையும் சேர்த்தால் இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். குடிநீர் ஆலைக்கு மாரி விடுமுறை கிடையாது, உப்பளத்துக்கு உண்டு. மாரியில் வரும் கழிவுத்தண்ணியை எங்கே தேக்குவது? தரவையிலும் களப்பிலும்தான். அங்கே தேக்கினால் இறால் போய்விடும்.

இதைச் செய்து காட்டிய இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. இஸ்ரேலின் எய்லாத் நகரத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆலையின் கழிவு உவர்நீரைக் கடல்நீருடன் கலந்து உப்புப் பாத்திகளுக்கு விடுகிறார்கள். நன்றாகவே நடக்கிறது. ஆனால் எய்லாத்தில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை 30 மில்லிமீற்றர் அளவுதான். எங்களுக்கு 1,200க்கு மேல். கார்த்திகையில் ஒரே இரவில் எய்லாத்தின் மூன்று வருட மழை கிளிநொச்சியில் கொட்டிவிடும். பாலைவனத்து வித்தையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஆனையிறவுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, அது உங்கள் யோசனைக்கு எதிராகப் போகிறது. அங்கே பாத்திக்கு எடுப்பது களப்புத் தண்ணி. கோடையில் அந்தக் களப்பு தானாகவே வற்றிக் கடலைவிட உப்பாகிவிடும். அதனால்தான் 1930களில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து உப்பளம் போட்டார்கள். சூரியன் சும்மா செய்துகொடுக்கும் வேலையைக் குழாய் போட்டு, பம்பி வைத்து, மின்சாரக் காசு கட்டி வாங்குவது யாருக்கு லாபம்? களப்பில் தண்ணி பிந்தும் வருடத்துக்கு, தை மாசியில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்வதும் அந்த அளவுக்குத்தான். அப்போதும் ஆலையில் படிவு தடுக்கப் போடும் இரசாயனங்கள் உவர்நீரோடு சேர்ந்து வரும் என்பதை மறக்கக்கூடாது. ஜிப்சம் படியாமல் தடுக்கத்தான் அவற்றைப் போடுகிறார்கள். உப்பளத்திலோ ஜிப்சம் நேரத்துக்குப் படிந்தால்தான் உப்பு சுத்தமாகும்.

வெயிலை நம்பாமல் இயந்திரத்தால் காய்ச்சி எடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எடுக்கலாம். ஒரு கனமீற்றர் உவர்நீரைச் செறிவாக்க 20 அலகு மின்சாரமாவது போகும். கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் குடிநீர் எடுக்கவே மூன்று, நான்கு அலகுதான். 36,000ஐ 20ஆல் பெருக்கிப் பாருங்கள். குடிநீருக்குப் போகும் மின்சாரத்தைப்போல எட்டு ஒன்பது மடங்கு கழிவைக் காயவைக்கப் போகும். உப்பு விலை தங்க விலை ஆனால் யோசிக்கலாம்.

இவ்வளவு பேசியபின், அந்தத் தண்ணி ஆலைக்கு ஒன்றுமே தராமல் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆலைக்குப் பெரிய உதவியை அது ஏற்கனவே செய்துவிட்டுத்தான் போகிறது. பத்திரிகையில் இதை யாரும் எழுதுவதில்லை, வெளியே தெரியாத வேலை.

உப்பை மறித்துத் தண்ணியை மட்டும் விடும் மென்சவ்வுக்குள் கடல்நீரைத் தள்ள ஏறக்குறைய 60 பார் அழுத்தம் வேண்டும். 600 மீற்றர் உயரத்துக்குத் தண்ணியை அடுக்கி வைத்தால் அடியில் இருக்கும் அழுத்தம் அது. 40 வீதம் சவ்வைக் கடந்து குடிநீராகிறது. கடக்காத 60 வீதமும் அதே அழுத்தத்தோடு, ஒன்றிரண்டு பார் மட்டும் குறைந்து, மறுபக்கத்தால் வருகிறது. அதைச் சும்மா திறந்து விட்டால் பம்பி செய்த வேலையில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். இப்போதைய ஆலைகளில் அந்த இடத்தில் ஒரு மட்பாண்ட உருளை சுழல்கிறது. பீங்கான் மாதிரிப் பொருள், உள்ளே தேன்கூடு போலக் குழாய்கள். ஒரு பக்கத்தால் கழிவு உவர்நீர் நுழைந்து, மறுபக்கத்தால் வரும் புதுக் கடல்நீரை நேருக்கு நேர் தள்ளித் தன் அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, சாதுவாக வெளியேறுகிறது. அழுத்தச் சக்தியில் 95 வீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. ஒரு கனமீற்றர் குடிநீருக்கு உயர் அழுத்தப் பம்பி மட்டும் 5 அலகு குடித்திருக்கும் இடத்தில், அது 2 அலகு அளவில் நிற்பது இதனால்தான். கழிவு உவர்நீரை மீளப் பயன்படுத்துவதில் இதைவிடப் பலன் தந்த வேலை இதுவரை வேறொன்றும் இல்லை.

யப்பானில் ஃபுக்குவோக்கா நகரத்தில் 2025இல் இன்னொரு விதமாகவும் தொடங்கியிருக்கிறார்கள். உவர்நீருக்கும் சுத்திகரித்த கழிவுநீருக்கும் இடையே சவ்வை வைத்து, நல்ல தண்ணி உப்புப் பக்கம் இழுபடும் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு நகரம் ஒன்றின் சுத்திகரித்த கழிவுநீர் பக்கத்திலேயே வேண்டும். எங்களுக்கு அது இல்லை, விட்டுவிடுவோம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்கிறீர்கள். அதன் வேதியியல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பரந்தனில் முன்பு நடந்ததுதான். 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை போட்டதற்குக் காரணமே ஆனையிறவு உப்பு. உப்பைத் தண்ணியில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரீன், கூடவே ஐதரசன். குளோரீனையும் ஐதரசனையும் எரித்துச் சேர்த்தால் ஐதரோகுளோரிக் அமிலம். 58.5 கிலோ உப்புக்கு 40 கிலோ கோஸ்டிக் சோடாவும் 35.5 கிலோ குளோரீனும் வரும். உயர்தர வேதியியலில் நீங்கள் எழுதும் அதே சமன்பாடு. போரோடு தொழிற்சாலையும் போய்விட்டது, உப்பளமும் போய்விட்டது. உப்பளம் திரும்ப வந்து, 2025 பங்குனியில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. பரந்தன் என்ற பெயரோடு இருக்கும் நிறுவனம் குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி நாட்டின் குடிநீருக்குக் கொடுக்கிறது. பெயர் மட்டும் வன்னியில் மிஞ்சிய கதை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அமித் குமார், ஜோன் லீன்ஹார்ட் ஆகியோர் 2019இல் வெளியிட்டது இந்த வேதியியலைக் குடிநீர் ஆலைக்குள்ளேயே கொண்டுவருவது பற்றியது. கடல்நீர் ஆலைக்குக் கோஸ்டிக் சோடா வேண்டும். ஏன்? கடல்நீரில் போரன் இருக்கிறது. அது போரிக் அமிலமாக, மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் சவ்வு அதைப் பிடிக்காது, நழுவிப்போய்விடும். தண்ணியின் பி.எச். அளவைக் கோஸ்டிக் போட்டு 9, 10க்கு உயர்த்தினால் அது மின்னேற்றம் பெற்ற போரேற்றாக மாறும், பிடிபடும். அமிலமும் வேண்டும், சவ்வில் படியும் சுண்ணாம்பைக் கழுவ. இந்த இரண்டையும் ஆலைகள் காசு கொடுத்து வாங்கி, அபாயப் பலகை மாட்டிய லொறியில் ஏற்றிக் கொண்டுவருகின்றன. வாசலால் வெளியே போகும் தண்ணிக்குள்ளேயே இரண்டுக்கும் வேண்டிய உப்பு இருக்கிறது. அதை அங்கேயே பிரித்து எடுத்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நல்ல கேள்வி. இதில் சிக்கல் மின்சாரம் பாய்ச்சுவதில் இல்லை, அதற்கு முந்திய கழுவலில் இருக்கிறது. கடல் உவர்நீரில் கல்சியமும் மக்னீசியமும் நிறைய. அவை உப்பைப் பிரிக்க மின்சாரம் பாய்ச்சும் மின்கலத்தின் சவ்வுக்குள் போனால் அங்கேயே படிந்து அடைத்துவிடும். வழமையான கோஸ்டிக் தொழிற்சாலைகளில் இந்த இரண்டும் 100 கோடிப் பங்கில் சில பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே முதலில் நுண்வடிகட்டிச் சவ்வால் வடித்து, பிறகு இரசாயனம் போட்டு, பிறகு மிச்சக் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும் பிசின் நிரலில் விட்டு, அதன் பிறகுதான் மின்கலம். அத்தோடு வழமையான கலத்துக்கு லீற்றருக்கு 300 கிராம் அளவில் உப்பு வேண்டும். கழிவு உவர்நீரில் கறியுப்பு 45 கிராம்தான்.

பரந்தன் காலத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சிக்கல் இத்தனை பெரிதாக இருக்கவில்லை. செறிவாக்கும் வேலையைச் சூரியன் ஆனையிறவில் முடித்துக் கொடுத்தது. மக்னீசியத்தில் பெரும்பகுதி அந்தக் கசப்புத் தண்ணியோடு பாத்தியிலேயே போய்விட்டது. கட்டி உப்பைக் கரைத்தால் 300 கிராம் உடனே வந்துவிடும். அதனால், பரந்தனில் பெரிய அளவில் கோஸ்டிக் தொழிற்சாலை திரும்ப வர வேண்டும் என்று யாராவது கேட்டால், மூலப்பொருளாக நான் பாத்தி உப்பைத்தான் சொல்வேன், குழாயில் வரும் கழிவு உவர்நீரை அல்ல.

குடிநீர் ஆலையின் சொந்தத் தேவை வேறு மாதிரி. அதற்குச் செறிந்த கோஸ்டிக் வேண்டாம். எப்படியும் தண்ணியில் கலந்து நீர்க்கச் செய்துதான் போடப்போகிறார்கள். நீர்த்த அமிலமும் நீர்த்த காரமும் தரக்கூடிய, மின்னால் அயன்களைப் பிரிக்கும் இருமுனைச் சவ்வு முறை ஒன்று இருக்கிறது. அதற்கு 300 கிராம் தேவையில்லை, குளோரீன் வாயுவும் வராது. பள்ளிக்கூடமும் வீடுகளும் இருக்கும் கரையோரத்தில் குளோரீன் உருளைகளை அடுக்கி வைப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். கனமீற்றர் ஒன்றுக்கு 20 கிராம் கோஸ்டிக் போகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 24,000 கனமீற்றருக்கு ஒரு நாளில் 480 கிலோ. அதைச் செய்ய 700 கிலோ உப்பு போதும். அந்த உப்பு 16 கனமீற்றர் உவர்நீரில் இருக்கிறது. இரண்டு மூன்று பவுசர் தண்ணி! மிச்சம் 35,984 கனமீற்றரும் கடலுக்குத்தான். யானைப்பசிக்குச் சோளப்பொரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆலைக்கு இரசாயனச் செலவு குறையும், கப்பல் பிந்தினாலும் ஆலை நிற்காது. டொலர் இல்லாமல் துறைமுகத்தில் சாமான் கிடந்த 2022ஐ நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் "கழிவுப் பிரச்சினை தீர்ந்தது" என்று தலைப்புப் போடுவது பிழை.

மற்ற உலோகங்கள் பற்றியும் கேட்பீர்கள். லிதியம் என்றவுடன் எல்லோருக்கும் கண் விரியும். அந்த 60,000 கனமீற்றர் கடல்நீரில் மொத்தமே 11 கிலோ அளவுதான் லிதியம் இருக்கும், அதுவும் முழுவதையும் எடுக்க முடிந்தால். மக்னீசியம் அப்படியில்லை, கடல்நீரில் லீற்றருக்கு 1.3 கிராம் இருக்கிறது. மின்கலத்துக்காக எப்படியும் அதை அகற்றத்தான் வேண்டும் என்பதால், அகற்றியதை விற்கலாம். உலகத்தில் இந்த வழியில் முதலில் காசு பார்க்கப்போவது மக்னீசியம்தான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் கடலுக்குப் போவதை என்ன செய்வது? ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கூட்டிய கணக்கின்படி, உலகத்தில் ஏறக்குறைய 16,000 ஆலைகள் நாளுக்கு 9.5 கோடி கனமீற்றர் நல்ல தண்ணி எடுத்து, 14.2 கோடி கனமீற்றர் உவர்நீரை வெளியே விடுகின்றன. அதில் பாதிக்கு மேல் சவூதி, அமீரகம், குவைத், கட்டார் என்ற நான்கு நாடுகளிலிருந்து. அவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இருப்பது ஒடுங்கிய, ஆழமில்லாத வளைகுடா. தாழையடிக்கு முன்னால் இருப்பது திறந்த வங்காள விரிகுடா. இது பெரிய வித்தியாசம்.

வித்தியாசம் இருக்கிறது என்பதற்காக மீன்பிடிக்கும் சனத்தின் பயத்தைத் தள்ளிவிடக்கூடாது. உவர்நீர் கடல்நீரைவிடக் கனம். சும்மா குழாய் வாயால் விட்டால் கலக்காமல் அடியில் போர்வை மாதிரி ஊர்ந்து, சாதாழை என்ற கடற்புல்லையும் அடியில் வாழ்வனவற்றையும் மூடிவிடும். அதனால்தான் குழாயைத் தூரத்துக்குக் கொண்டுபோய், நுனியில் பல சிறு மூக்குகளை வைத்து, மேல்நோக்கிச் சரிவாகப் பீச்ச வேண்டும். பீச்சும் வேகத்திலேயே சுற்றியிருக்கும் கடல்நீரை இழுத்துக் கலந்துவிடும். சரியாகச் செய்தால் கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே உப்பளவு பழையபடி ஆகிவிடும். இதே குழாயை யாராவது நந்திக்கடல் களப்புக்குள்ளோ கொக்கிளாய்க் களப்புக்குள்ளோ விடுவோம் என்று வந்தால், முதல் ஆளாக நான் எதிர்த்து நிற்பேன்.

இனி உங்கள் ஊர் ஆர்.ஓ. நிலையம். எனக்கு உண்மையில் கவலை இதில்தான். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஊருக்கு ஊர் சிறிய சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. குழாய்க்கிணற்றுத் தண்ணியில் லீற்றருக்கு 1.2 கிராம் உப்புகள் இருக்கிறது என்று வையுங்கள். பாதியைக் குடிநீராக்கினால் மறுபாதியில் 2.4 கிராம். கடல் உவர்நீரோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. உப்பு விளைக்கவும் காணாது, கோஸ்டிக் எடுக்கவும் காணாது. ஆனால் பயிருக்கு இது கூட. லீற்றருக்கு 2 கிராமைத் தாண்டிய தண்ணியைப் பாசனத்துக்குக் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்தலாம் என்பது உலக உணவு விவசாய அமைப்பின் அளவுகோல்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்தில், கழிவுத்தண்ணி வீணாகிறதே என்று, பக்கத்துத் தோட்டத்துக்கு விடச் சொன்னவன் நான்தான். போஞ்சியும் சின்ன வெங்காயமும் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் பச்சைப்பசேல் என்று இருந்தது. மூன்றாவது வாரம் போஞ்சி இலையின் ஓரம் நெருப்புச் சுட்ட மாதிரிக் கருகத் தொடங்கியது. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகிச் சுருண்டது. பாத்தி வரம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை அந்த வீட்டு அம்மா நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. போஞ்சியும் வெங்காயமும் உப்பைத் தாங்காத பயிர் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தண்ணி வீணாகிறதே என்ற ஆதங்கம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்தத் தண்ணியைத் தென்னைக்கு விடலாம், அது தாங்கும். பீற்றூட்டும் ஓரளவு தாங்கும். கக்கூசுக்கும், நிலையத்தின் தரை கழுவவும், கொங்கிறீற் இல்லாத கட்டட வேலைக்கும் எடுக்கலாம். மாரியில் மழைத்தண்ணியோடு கலந்தால் இன்னும் பலதுக்கு உதவும். செய்யக்கூடாதது ஒன்று: நிலையத்துக்குப் பின்னால் கிடங்கு வெட்டி அதற்குள் விடுவது. பல இடங்களில் அப்படித்தான் ஓடுகிறது. அந்தக் கிடங்கு ஊறுவது அதே ஊர்க் கிணறுகளுக்குள்தான். இன்று இயந்திரம் பிரித்து எடுத்ததை நாளைக்கு அதே இயந்திரம் திரும்பக் குடிக்கும். கால்நடைக்கு வைக்கும் முன் ஃபுளோரைட் பார்க்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கிணற்றில் அந்த எல்லையில் இருந்தால் கழிவில் 3 ஆகிவிடும்.

ஆகவே தம்பி, கையடக்க உப்புமானி ஒன்று பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். நிலையத்துக்குள் போகும் தண்ணி, குடிநீர், கழிவுத்தண்ணி, பக்கத்து மூன்று கிணறுகள் என்று ஆறு இடத்தில் அளந்து எழுதுங்கள். ஆடியில் ஒரு தரம், மாரி முடிந்து மாசியில் ஒரு தரம். ஃபுளோரைட்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும். அந்த எண்களோடு திரும்ப எழுதுங்கள். கிணறுகளில் உப்பு ஏறியிருந்தால் அந்தக் கிடங்கை மூடச் சொல்லி ஊர்ச் சங்கத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.